நாடி

ஏகாம்பரத்தின் இதயத்துக்குத் துணையாக ஒரு பம்ப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அது ரத்தத்தை விட்டுவிட்டுத் தள்ளாமல் ஒரே சீராக ஓடவிடும், அதனால் நாடி கிடைக்காது என்று டாக்டர் விளக்கியிருந்தார். இருந்தும், மதியம் கண்ணயர்ந்திருந்தவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி தேடினாள் மனைவி மரகதவல்லி. கழுத்திலும் விரல் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

“என்னங்க! என்னங்க!” என்று உலுக்கினாள்.

அவர் கண் திறந்தார். “என்ன மரகதம்?”

“உயிரோடதானே இருக்கீங்க?”

அவர் சிரிக்கவில்லை. தன் மணிக்கட்டைத் தானே வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். முகம் குழம்பியது.

“தெரியலையே. நீ சொல்லு.”

அவள் அவர் மார்பில் காதை வைத்தாள். உள்ளே மோட்டார் சன்னமாக இரைந்துகொண்டிருந்தது.

“இருக்கீங்க,” என்றாள், காதை எடுக்காமலே.