இரண்டிலும் வராத வரி

நவநீதன் காலையில் பம்ப் உதிரிபாகக் கடையின் ஷட்டரைத் தூக்கினான். விளக்குகளைப் போட்டான், வாசலைக் கூட்டினான், கணினியின் முன்னால் வந்து உட்கார்ந்தான். திரையில் வழக்கமான வரி வந்தது: 'நேற்றைய கணக்கெல்லாம் பத்திரம். இனி டீ குடிக்கலாம்.' கடைக் கணக்குகள் இருக்கும் சர்வரில் அவன் மனைவி பூர்ணிமா எழுதிவைத்த புரோகிராம் காட்டும் வரி அது. அவள் இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. வரி தினமும் வந்துகொண்டிருந்தது.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ரியாஸ் வந்தான். "இந்தப் பழைய விண்டோஸுக்கு இனிமே பாதுகாப்பு அப்டேட் கிடையாது சார். ஒரு வைரஸ் புகுந்தா பில்லு, ஸ்டாக்கு எல்லாம் போச்சு. புது விண்டோஸா, லினக்ஸா, இன்னைக்காவது சொல்லிடுங்க. பொண்ணு பார்க்கிறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க" என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எதுல இந்த வரி வரும்?"

"ரெண்டுலயும் வராது சார். மேடம் எழுதினது பழசுல மட்டும்தான் ஓடும்."

நவநீதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப லினக்ஸே போட்டுடுங்க. ஏதோ ஒண்ணு."

ரியாஸுக்கு மனசு கேட்கவில்லை. "அதுல நானே புதுசா எழுதித் தரேன் சார். இதே வரியைப் போடலாம், வேணாம்னா மேடம் சொன்னது வேற ஏதாவது போடலாம். சொல்லுங்க" என்று விசைப்பலகையில் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

நவநீதனுக்கு நினைவு வந்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில், நர்ஸ் விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகு, பூர்ணிமா கடைசியாகச் சொன்னது.

"கால் குளிருதுப்பா, போர்வையைக் கொஞ்சம் இழுத்து விடேன்."