ஹவுன்ஸ்லோவுக்கு வந்த நாகதம்பிரான்

சமையலறை சிங்குக்குக் கீழே, குழாய் சுவருக்குள் போகும் ஓட்டைக்குப் பக்கத்தில், பாலாம்பிகை ஒரு கிண்ணம் பாலும் ஒரு முட்டையும் வைத்துக் கைகூப்பினாள். பாம்பு அசையவில்லை.

மூன்று முழ நீளம், கறுப்பும் வெள்ளையுமாய் வளையம் வளையமாக. காலையில் கண்டபோது விரியன் என்றுதான் பின்வாங்கினாள். ஆனால் இந்த வெள்ளைக்காரர் நாட்டில், ஹவுன்ஸ்லோவில், வீட்டுக்குள் பாம்பு வருமா? வந்தது சாட்சாத் ஊர்க் கோயில் நாகதம்பிரானேதான்.

வராமல் என்ன செய்வார்? மகள் மயூராவுக்கு முப்பத்தாறு வயது, குறிப்பில் நாகதோஷம். மூன்று சம்பந்தம் அதைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டது. ரொறன்ரோவிலிருந்து நாலாவது வந்திருக்கிறது, பதில்தான் இன்னும் இல்லை. இதுவும் தவறினால் பிள்ளை இனிக் கலியாணமே வேண்டாம் என்றிருக்கிறாள்.

பாலாம்பிகை மணியைக் கிணுகிணுவென்று ஆட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டொக், டொக், டொக்.

"கோதாரி விழுவான்! சாமி மணி கேட்டா உவனுக்கு எங்கை குத்துது?"

பக்கத்து வீட்டு றெஜ் கிழவர் அப்படித்தான். தனிக்கட்டை. மணியோ டிவியோ கொஞ்சம் உரத்தால் சுவரில் இடிப்பார். பதினோரு வருஷத்தில் இரண்டு வீட்டுக்கும் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

பின்னேரம் எயார்போர்ட் ஷிப்ட் முடிந்து மயூரா வந்தாள்.

"ஏனம்மா சிங்குக் கதவைக் கயித்தாலை கட்டி வைச்சிருக்கிறியள்?"

"எலிக்கு மருந்து வைச்சிருக்கிறன். திறக்காதை பிள்ளை."

பொய்தான். சொன்னால் பிள்ளை கவுன்சிலுக்குப் போன் போட்டுவிடுவாள். தேடிவந்த தெய்வத்தைப் பிடித்துக் கொடுத்தால் உருப்பட முடியுமா?

மறுநாள் அவள் மணியைத் தொடும் முன்பே சுவரில் தட்டல். பாலாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேவாரத்தை உச்சத்தில் போட்டுவிட்டாள். மூன்றாம் நாள் தட்டல் மெலிந்து, மத்தியானத்தோடு நின்றுபோனது. கிழவன் ஒருவழியாக அடங்கினான் என்று ஆறுதலாகப் பூப்போட்டுக் கும்பிட்டாள்.

அன்று பின்னேரமே ரொறன்ரோவிலிருந்து மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்தாள். "எங்களுக்கு முழுச் சம்மதம். தோஷமெல்லாம் நாங்கள் பாக்கிறேல்லை."

பாலாம்பிகை அழுதேவிட்டாள். வேலையால் வந்த மகளை வாசலிலிருந்தே இழுத்துப்போய்க் கதவைத் திறந்தாள்.

"விழுந்து கும்பிடு பிள்ளை. உன்ரை கலியாணத்தை நடத்தி வைச்சவர்."

மயூரா கும்பிடவில்லை. வீல் என்று கத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

வந்த பாம்புபிடிகாரன் நாகதம்பிரானை வெறுங்கையால் அள்ளிப் பைக்குள் போட்டான். அவன் சொன்னதை மயூரா தாய்க்குத் தமிழில் சொன்னாள்.

"இது கிங்ஸ்நேக்காம். அமெரிக்காப் பாம்பு, விஷமில்லை. ஸ்பெயின்காரற்றை ஒரு தீவிலை காடு முழுக்கப் பெருகிக் கிடக்காம். ஆனா இந்த நாட்டுக் காட்டிலை இல்லவே இல்லையாம். ஆரோ வீட்டிலை வளத்தது தப்பி வந்திருக்கு."

அவன் டோர்ச்சை அடுத்த வீட்டுப் பக்கம் போகும் ஓட்டைக்குள் அடித்துப் பார்த்து, மயூராவிடம் ஏதோ கேட்டான். "பக்கத்து வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டு கேக்கிறார்."

"ஒரு விசர்க் கிழவன் எண்டு சொல்லு."

அவன் போய் பெல் அடித்தான். திறக்கவில்லை. தபால் துவாரத்தால் உள்ளே பார்த்தவனின் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வந்து கதவை உடைத்தது. அம்புலன்சும் வந்தது.

கலியாணம் சரிவந்த நாளில் இதென்ன அபசகுனம் என்று பாலாம்பிகை முணுமுணுத்தாள். கேற்றடியில் ஒரு பொலிஸ்காரி மயூராவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னவாம் பிள்ளை? ஆள் முடிஞ்சுதோ?"

"ஓமம்மா. பாம்புக்குச் சாப்பாடு வைக்கேக்கை விழுந்து இடுப்பு முறிஞ்சுபோச்சாம். எழும்பேலாமல் எங்கடை சுவரடியிலையே..." மயூரா தாயின் கையைப் பிடித்தாள்.

"மூண்டு நாள் உயிரோடை கிடந்தவராம்."