ராணியின் எடை

கிள்ளானில் சின்னையா வீட்டு ஆண் போவாப் பாம்போடு இணை சேர்க்கத்தான் வீரபத்திரன் தன் பெண் பாம்பு ராணியைக் கூடையில் வைத்து, மனைவியோடு வந்திருந்தார்.

சின்னையா கூடைக்குள் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மூணு வயசு சரிதான் அண்ணே. உடம்பு பத்தலையே. இந்த உடம்புல குட்டி தங்கினா தாயே செத்துப்போயிடும் லா."

"கண்ணால பார்த்துச் சொல்றது பாசார்ல மீன் வாங்குறவன் வேலை. நான் மாசாமாசம் நிறுத்துப் பார்க்கிற ஆளு. இப்ப ஏழு கிலோ."

"தூக்கிட்டு வந்த எனக்குக் கனமே தெரியலையே," என்றாள் வீரபத்திரனின் மனைவி தனலெட்சுமி.

"உனக்கு நான் போடுற சிலுவார் இடுப்பைப் பிரிச்சுத் தைக்கத் தெரியும். அதோட நிறுத்திக்க."

சின்னையா மீன் தராசை எடுத்துவந்து ராணியைப் பையில் போட்டுத் தொங்கவிட்டார். இரண்டு கிலோ.

"தராசு கோளாறு," என்றார் வீரபத்திரன்.

"நீங்க எப்படி நிறுத்தீங்க?"

"கழுத்துல போட்டுக்கிட்டு மெஷின்ல ஏறி நிப்பேன். என் எடை அறுபத்தெட்டைக் கழிச்சிடுவேன்."

"அறுபத்தெட்டா? அது எப்ப பார்த்தது?"

வீரபத்திரன் சட்டையைக் கீழே இழுத்து இடுப்பை மூடிக்கொண்டார்.

"பாம்பு வாங்கின அன்னிக்கு," என்றாள் தனலெட்சுமி. "அதுக்கப்புறம் நாலு தடவை இவரு சிலுவார் இடுப்பைப் பிரிச்சுப் பெருசாக்கிட்டேன்."

சின்னையா ராணியைக் கூடையில் விட்டு மூடி, வீரபத்திரனிடமே நீட்டினார்.

"இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும் அண்ணே. இனிமேலாவது எலியை ராணிக்குப் போடுங்க."