ஆஜர் இல்லை

ஏழு வருடங்களுக்கு முன் காணாமல் போன கணவனை இறந்தவராக அறிவிக்கக் கோரி அவள் போட்ட மனு அன்று விசாரணைக்கு வந்தது. டவாலி வாசலில் நின்று கணவனின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை.

"இத்தனை வருஷத்துல ஒரு போன்கூட வரலையாம்மா?" என்று கேட்டார் நீதிபதி.

"வரலைங்கய்யா."

"நாளைக்கே அவர் வந்து நின்னா என்ன செய்வீங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"மொதல்ல அழுது தீர்த்தேங்கய்யா. அப்புறம் திட்டித் தீர்த்தேன். இப்ப ரெண்டுமே வரல. வந்து நின்னாலும் யாரோன்னுதான் பார்ப்பேன்."

அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. மனு ஏற்கப்பட்டது. சட்டப்படி அவள் கணவன் இறந்துவிட்டான்.

கூட வந்திருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அவள் வெளியே போனாள்.

அன்றைக்கு அதுதான் கடைசி வழக்கு. எல்லோரும் எழுந்து போக, கடைசி பெஞ்சில் ஒரு தாடிக்காரர் மட்டும் எழுந்திருக்காமல் இருந்தார். டவாலி அவரிடம் வந்தார்.

"காலையிலேர்ந்து உக்காந்திருக்கீங்களே, உங்க கேஸ் எது?"

"இப்ப முடிஞ்சுதே, அதுதாங்க. நீங்க கூப்பிட்ட ஆள் நான்தான்."

டவாலி அதிர்ந்துபோனார். "அட, உயிரோட இருக்கீங்களா! சீக்கிரம் எழுந்திரிங்க, ஐயாகிட்ட சொல்லிடலாம்."

தாடிக்காரர் அசையவில்லை.

"வேண்டாங்க. சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க கூப்பிட்டப்ப எழுந்திரிக்கத் தைரியம் வரல. அவ சொன்னதை நீங்களும் கேட்டீங்கல்ல?"