தூள் போட்ட தண்ணீர்

அங்கம்மா பித்தளைக் குடத்தைச் சாய்த்து நீச்சல் குளத்தில் முக்கினாள்.

தண்ணீர் களகளவென்று உள்ளே போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இரண்டு வெள்ளைக்காரத் துரைமாரும் அவர்களுடைய துரைசானிமாரும் பங்களாவுக்குக் குளிக்க வந்திருந்தார்கள். தோளில் போட்ட துண்டோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

அங்கம்மாவுக்குப் பின்னால், கூலிக் குடும்பங்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் ஐந்து பேர் நின்றார்கள். ஆளுக்கொரு குடம்.

பங்களாச் சமையல்காரன் அழகர்தான் முதலில் ஓடி வந்தான்.

"ஏய், ஒனக்கென்ன பைத்தியமா? தொரை பாத்துக்கிட்டு இருக்காரு. லயத்துக் கொடத்த இதுல முக்குறியே!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தக் குளத்தை அவளைவிட நன்றாக அறிந்த ஆள் அந்தப் பங்களாவில் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் குளம் கட்டியபோது, கொழும்பிலிருந்து குளோரின் தண்ணீராக ஜாடியில் வந்தது. ரயிலேறிப் பதுளைக்கு வந்து சேர்வதற்குள் பாதி வீரியம் போய்விடுகிறது என்று துரை அதை நிறுத்தினார். டின்னில் அடைத்த வெள்ளைத் தூளுக்கு மாறினார். மூடி கொஞ்சம் திறந்திருந்தாலும் பனி பட்டுக் கட்டியாகிவிடும் என்று அந்த டின்னைப் பூட்டியே வைத்தார்.

தூளை வாளியில் கரைப்பது அங்கம்மாவின் வேலை. சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருக்க வேண்டும். மேலே தெளிந்ததை மட்டும், வெயில் இறங்கிய பிறகு குளத்தில் ஊற்ற வேண்டும். பகலில் ஊற்றினால் வெயில் அதைத் தின்றுவிடும்.

மறுநாள் காலையில் துரை ஒரு கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, இரண்டு சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார். மஞ்சள் காட்டினால் தண்ணீர் சுத்தம். வெளுத்திருந்தால் அன்றைக்கு அங்கம்மாவுக்குத் திட்டு.

நாலு வருடத்தில் அவள் விரல் நுனிகள் வெடித்துப் போயிருந்தன. மஞ்சள் மட்டும் தவறியதில்லை.

லயத்துத் தண்ணீரை அப்படி யாரும் குழாயில் எடுத்துப் பார்த்ததில்லை. துரையின் மாட்டுப்பட்டியைத் தொட்டுக்கொண்டு இறங்கும் ஓடை, தகரப் பீலி வழியாக ஒரு தொட்டியில் விழும். நாற்பது குடும்பமும் அதைத்தான் குடித்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தத் தண்ணீரால் காய்ச்சல் வந்தது. முதலில் பக்கத்து வீட்டுப் பெரியாயியின் மகனுக்கு. அப்புறம் அங்கம்மாவின் ஒரே மகள் வேலாயிக்கு.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் மருந்தையா கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். அவர் துரையிடம் போய் ஒரே ஒரு டின் கேட்டார். குளம் ஒரு வாரத்தில் குடிக்கிற தூள், லயத்துத் தொட்டிக்கு மாதக்கணக்கில் வரும்.

வெளியே காத்துக்கொண்டிருந்த அங்கம்மாவிடம், செருப்பைப் பார்த்தபடி சொன்னார்:

"கேட்டுப் பாத்தன் பிள்ளை. குளத்துக்கே காணாதாம். லயத்துச் சனத்துக்கு மலைத்தண்ணி போதுமாம்."

போதுமாம்!

துரையின் நாய் குதித்து நீந்துகிற தண்ணீருக்குத் தூள் உண்டு. பிள்ளை குடிக்கிற தண்ணீருக்கு இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஒரு நாள், கரைக்கக் கொடுத்த தூளில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டாள். கேட்டைத் தாண்டுவதற்குள் அழகர் மணத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். அவிழ்த்து உதறச் சொன்னான். புல்லில் கொட்டிய தூளை மழை கரைத்துக்கொண்டு போனது.

அது போன வாரம்.

குடம் நிறைந்தது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. அதை அள்ளி முடியக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

துரை நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் பேசினார்.

"உன் மகளுக்குக் காய்ச்சல், எனக்குத் தெரியும். சரி, தண்ணி கொண்டு போ. குடிக்கக் குடு. இனிமேல் இப்பிடி வரக்கூடாது."

விருந்துக்கு வந்த துரைசானி ஒருத்தி, என்ன இரக்கமான மனுஷன் என்பதுபோல அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். கும்பிடு என்று அழகர் அங்கம்மாவுக்குக் கண்ணைக் காட்டினான்.

அவள் கும்பிடவில்லை. நாலு வருடத்தில் முதல் தடவையாகத் துரையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"குடிக்கிறதுக்கு இல்லீங்க தொரை. விடியக்காலம் உசிரு போயிருச்சு. அந்தப் பீலித் தண்ணி இனிமே எம்புள்ள மேல ஒரு சொட்டுப் படக்கூடாது. இது அவளக் குளிப்பாட்டுறதுக்கு."

துரை ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அங்கம்மா படியிறங்கி நடந்தாள். பின்னால் நின்ற ஐந்து பேரும் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகக் குனிந்து தங்கள் குடங்களை முக்கினார்கள். அழகர் ஒதுங்கி வழிவிட்டான்.