ஏழாம் எண்ணுக்கு ஒரு குரல்

"தண்ணி பாட்டில் மூடியைத் திறக்க ரெண்டு கையும் வேணும். அப்படியும் திறக்கலைன்னா, தாகமே இல்லாத மாதிரி வெச்சுட்டுப் போயிடணும்" என்று மைக்கில் படிக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னம்மா, நீயே அனுபவிச்ச மாதிரி அழற? இது ஏழாம் நம்பரோட கதை. நீ குரல் மட்டும் குடுத்தா போதும்."

"சாரி மேடம். இன்னொரு தடவை படிச்சிடறேன்."

நாள்பட்ட வலிக்கான சிகிச்சை மையம் அது. அங்கேதான் அவளுக்கு இன்டர்ன்ஷிப். வலியோடு காலம் தள்ளுவது எப்படி இருக்கும் என்று யார் வேண்டுமானாலும் படம் வரைந்து, கூடவே நாலு வரி எழுதி அனுப்பலாம். பெயரும் முகமும் குரலும் வெளியே தெரியக் கூடாது என்பதால், எழுதியதை டைப் அடித்து மாணவர்களைப் படிக்க வைத்து, படங்களோடு சேர்த்து வீடியோ ஆக்குவார்கள். அனுப்பியவருக்கு ஓர் எண், அவ்வளவுதான்.

மற்ற எண்களையெல்லாம் அவள் வேலையாகத்தான் படித்தாள். ஏழாம் எண் வந்தபோது மட்டும், எங்கோ தொலைந்துபோன கூடப்பிறந்தவள் ஒருத்தி கிடைத்துவிட்டது போல இருந்தது.

காரணம், அவளுக்கும் வலி. மூட்டுக்கு மூட்டு, வருடக்கணக்கில். எடுத்த டெஸ்ட் எதிலும் ஒன்றும் தெரியவில்லை. "டெஸ்ட்ல இல்லன்னா உடம்புலயும் இல்ல, மனசைத் திடமா வெச்சுக்கோ" என்று வெளியூரில் வேலை பார்க்கும் அப்பா போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அன்றோடு வாயைத் தைத்துக்கொண்டாள். இன்டர்ன்ஷிப்புக்குச் சேரும்போதுகூடச் சொல்லவில்லை. சொன்னால் இங்கேயும் யாராவது ரிப்போர்ட்டைக் காட்டு என்பார்களோ என்று பயம்.

வீட்டில் இருப்பது சித்தி. அம்மா போன பிறகு அப்பா கட்டிக்கொண்டவர், தையல் கடையில் துணி வெட்டுகிறவர். "சாப்பிட்டியா?" "ம்." "கதவைப் பூட்டிட்டியா?" "ம்." இதற்கு மேல் பேச்சு கிடையாது, ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி. சண்டை போட்டாலாவது பொழுது போகும், அதற்கும் கொஞ்சம் நெருக்கம் வேண்டுமே.

பதிவு முடிந்ததும் டாக்டரம்மா வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. ஆனா ஒண்ணு கவனிச்சியா? மத்தவங்க எல்லாம் எங்க வலிக்குதுன்னு சிவப்பு அடிச்சுக் காட்டுவாங்க. இவங்க அதைச் சொல்லவே இல்ல. குழாயடி, மாடிப்படி, பஸ் ஸ்டாப்னு எல்லாப் படத்துலயும் ஒரு பொண்ணோட முதுகுதான் இருக்கு."

"முகத்தைக் காட்டக் கூச்சமா இருக்கும் மேடம். வலிக்குதுன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருப்பாங்க" என்று அவள் ஏழாம் எண்ணுக்காக வக்காலத்து வாங்கினாள். பிறகு மென்று விழுங்கி, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டாள். "அவங்களை ஒரு தடவை பாக்கணும் மேடம்."

"அதெப்படிம்மா? யாருன்னு தெரியக் கூடாதுன்னுதானே நம்பர் போடறோம்."

"எனக்கும் அதே வலி மேடம்." சொல்லி முடித்ததும் அவளுக்கே திக்கென்றது. "யார்கிட்டயும் சொன்னதில்ல. அவங்க ஒருத்தருக்குத்தான் நான் சொன்னா புரியும்."

டாக்டரம்மா ரிப்போர்ட் கேட்கவில்லை. "அவங்க சம்மதிச்சா பாக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை வருவதாக ஏழாம் எண்ணிடமிருந்து பதில் வந்தது. என்ன பேசலாம், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பஸ்ஸில் நின்றபடியே அவள் ஒத்திகை பார்த்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்தால் ஒரு பாட்டிலையாவது திறந்துவிடலாம் என்று நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று.

மையத்தில் சந்திப்பு அறையின் கதவைத் திறந்தால், உள்ளே மடியில் கைப்பையோடு சித்தி.

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. தனக்கென்று ஓர் ஆள் கிடைக்கிற நேரத்தில் இவருக்கு இங்கே என்ன வேலை? "நீங்க எங்க இங்க? சாவியை மறந்துட்டீங்களா?"

சித்தி எழுந்து நின்றார். கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் இல்லை, ஏழு என்று மட்டும் எழுதியிருந்தது.

இத்தனை காலமாகப் பக்கத்து அறையில் இன்னொருத்தியும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்திருந்தாளா? உலகத்தில் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து, அவரை ஒரு நாளும் ஏறெடுத்துப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று வெட்கமாகப் போயிற்று.

"சித்தி, உங்களுக்குமா? எப்பலேருந்து வலிக்குது? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

சித்தி அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"எனக்கு ஒரு வலியும் இல்லம்மா. உன்னைத்தான் வரைஞ்சேன்."