ஆறு கிலோ சோடா உப்பு

"அப்பாவுக்குக் கால் எங்கே?"

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்ட கேள்வி. இப்போது அதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வருவதில்லை. அடுப்பு ரிப்பேர் செய்யும் அப்பா, பத்து வருஷமாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிறார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன.

"வண்டி இருந்தவரைக்கும் ராஜா மாதிரி போய் வந்தார். அதையும் வித்துத் தின்னாச்சு." அம்மா வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவாள். அப்பா வாய் திறக்க மாட்டார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவர்.

அப்பாவுக்கு ஒரு வண்டி வேண்டும். வாங்க வழி இல்லை. எடுக்க வழி இருந்தது.

தெருமுனையில் ஆறு மாதத்துக்கு முன் மளிகைக் கடை போட்டவரின் கறுப்பு மோட்டார் சைக்கிள் எப்போதும் சாவியோடுதான் நிற்கும். ஒரு நடுப்பகலில் அவர் உள்ளே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நாலு பேர் பார்த்தார்கள். துப்பட்டாவைச் செருகிக்கொண்டு நிதானமாக வண்டி ஓட்டிப் போகும் பெண்ணைத் திருடி என்று நினைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

வந்த நிறத்திலேயே விட்டுவைக்க முடியாது. சோடா உப்பைக் காற்றோடு சேர்த்துப் பீய்ச்சி அடித்தால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று போனில் பார்த்திருந்தாள். ஒரு சின்ன கம்ப்ரசரை வாடகைக்கு எடுத்தாள். கொடுத்தவர் கேட்டார்.

"எதுக்கும்மா சோடா உப்பு? மணலைப் போட்டு அடி. அரை நாள்ல முடிஞ்சுடும்."

"மணல் இரும்பையும் சேர்த்துத் தின்னுடும்ணா. சோடா பெயிண்டை மட்டும்தான் எடுக்கும்."

"பெத்த பிள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரில்ல பேசுற."

வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் பிளாஸ்டிக் தாளைக் கட்டி வேலையை ஆரம்பித்தாள். முதல் நாள் சோடா கட்டி தட்டிக் குழாயை அடைத்துக்கொண்டது. வீட்டில் கேக் செய்து விற்பவளுக்கு அது புதிதில்லை. சல்லடையை எடுத்துச் சலித்துப் போட்டாள். இரண்டாம் நாள் மட்கார்டு தோலுரிந்து வெள்ளை வெளேரென்று வந்தது. பெட்ரோல் டேங்க்கைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.

சோடா உப்பை வண்டிக்காரரின் மளிகைக் கடையில்தான் வாங்கினாள்.

"மறுபடியுமா? ஊருக்கே கேக் செய்யப் போறியாம்மா?" என்றார் கடைக்காரர்.

"பெரிய ஆர்டர்ணே." தலை நிமிரவில்லை. "வண்டி கிடைச்சுதாண்ணே?"

"எங்க கிடைக்கும்?"

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"அவங்க கண்டுபிடிச்சுக் குடுத்துட்டுதான் மறுவேலை பார்ப்பாங்க. போனது போகட்டும் விடும்மா."

அந்தப் பதிலைக் கேட்டதும் அவளுக்கு மூச்சு வந்தது. இன்னொரு கிலோ சேர்த்துக் கேட்டாள்.

வீட்டில் அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. நல்லவேளையாக அம்மாவுக்குத் தூசி ஆகாது. ஷெட் பக்கம் வர மாட்டாள். அடுப்படியில் நின்றபடியே கேட்பாள். "கிரீம் அடிக்கிற மிஷின் இப்படியா கத்தும்? தலையெல்லாம் மாவு. கேக்கைத்தான் கண்ணால காணோம்."

ஆறாவது கிலோ டேங்க்குக்கு. பெட்ரோலை வடித்து, கழுவிக் காயவைத்து அடித்தாள். கறுப்பு போனது. பள்ளம் தெரியாமலிருக்க அடியில் அப்பியிருந்த சாம்பல் நிறப் பட்டிப் பூச்சும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவள் மிஷினை நிறுத்திவிட்டு டேங்க்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. "பின்னாடி ஷெட்லதான் இருக்கா. போய்ப் பாருங்க."

பிளாஸ்டிக் தாளை விலக்கிக்கொண்டு கடைக்காரர் வந்தார். கையில் ஒரு பொட்டலம். "பெரிய ஆர்டர்னியே, தீர்ந்திருக்கும்னு ஒரு கிலோ கொண்டாந்தேன்..."

கிழிந்த சீட்டையும், அதில் தன் கையால் ஒட்டிய டேப்பையும் பார்த்தார்.

"இது என் வண்டில்ல?"

சத்தம் கேட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா ஈரக் கையோடு வந்தார். பின்னாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மா.

"உங்க பொண்ணு பண்ற வேலையைப் பாருங்க. கேக்கு செய்யறாளாம் கேக்கு. நான் இப்பவே போலீஸைக் கூப்பிடறேன்." கடைக்காரர் போனை எடுத்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பன் இருந்த வண்டியை வித்தாரு. பொண்ணு இல்லாத வண்டியைத் திருடறா. நல்லா இருக்கு குடும்பம்."

அவள் ஈரத் துணியால் டேங்க்கைத் துடைத்தாள். பளபளத்த இரும்பில், யாரோ ஆணியை வைத்துக் கல்லால் தட்டிய புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. கோணல்மாணலாக மூன்று எழுத்து.

'அப்ப.'

ஐந்து வயதுக் குழந்தை 'அப்பா' என்று எழுத நினைத்துக் கடைசியில் துணைக்காலை விட்டிருந்தது.

அப்பா குனிந்தார். புள்ளிகளை விரலால் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"இன்னும் கால் போடலையா நீ?" என்றார்.

வித்துத் தின்றதாகப் பத்து வருஷம் பேசிய அம்மாவின் கை மூக்கிலிருந்து இறங்கி வாயைப் பொத்திக்கொண்டது.

அவள் முதல் தடவையாகக் கடைக்காரரின் முகத்தை நேராகப் பார்த்தாள். "கூப்பிடுங்கண்ணே. வண்டி காணோம்னு அப்பா குடுத்த புகார் பத்து வருஷமா அங்கதான் இருக்கு. நான் திருடினது நிஜம். ஆனா இந்த வண்டியைத் திருடின ரெண்டாவது ஆள்தான் நான்."

முதல் ஆள் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நடந்தே போனார்.